காய்ச்சல் பத்தாத நெல்

நெல் காய வைப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்டவன் மழைக்கு ஆசைப்பட வேண்டும். டெல்டாவில் பிறந்தவன் அறுப்பு நேரத்தில் மழைக்கு ஆசைப்பட்டால் ஊரே சேர்ந்து உதைக்கும். நான் இரண்டும் சேர்ந்த ஆசாமி.

பெயர் ஜெரோம். மெக்கானிக்கல் படித்தவன். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். அக்கா அமலியும் மச்சான் சவரிமுத்துவும் குத்தகைக்கு நிலம் பிடித்துக் குறுவையும் தாளடியுமாக இரண்டு போகம் போடுகிறார்கள். நான் சென்னையில் கார் கம்பெனி வேலையை உதறிவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். உமியை எரித்து, அந்தச் சூட்டுக் காற்றை ஊதி, ஈர நெல்லைக் காய வைக்கும் மெஷின் செய்கிறோம். செய்தோம் என்று சொல்ல வேண்டும். பழக்கதோஷம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். குறுவை அறுப்போ அடைமழைக்கு முன்னும் பின்னுமாக வந்து நிற்கும். நெல்லை நிலையத்து வாசலில் கொட்டி, தார்ப்பாயைப் போட்டு மூடி, வெயில் வருமா வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் எங்கள் ஐப்பசி. புதிதாக வளரும் தொழில்களுக்கென்று ஒரு கொள்கை வந்து, அதில் எங்கள் மெஷினுக்கும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஒரே ஒரு நிலையத்தில் ஒரு குறுவை முழுக்க ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் மற்ற ஊர்களுக்கும் போகும். ஓடாவிட்டால் கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நிலையத்தையே நான் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். அக்காவின் நெல் வந்து சேருகிற இடம் அதுதான். ஒரு வருஷமாவது அவள் வானத்தைப் பார்க்காமல் நெல்லைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும் என்று நினைத்தேன். சோலார், ட்ரோன், பேட்டரி வண்டி என்று ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சக இன்ஜினியர்களே, உங்களுக்கு மேற்கொண்டு நான் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் புலம்பினால் கொஞ்சம் ஆறும்.

நனைத்துக் காட்டிய விழா

மெஷினைத் திறந்து வைக்க அதிகாரிகளுக்குத் தேதி கிடைத்தது நடு அக்கினி நட்சத்திரத்தில். தரையில் கால் வைக்க முடியவில்லை. ஊரில் ஈர நெல் என்று ஒரு பிடி கிடையாது. இருந்த நெல்லெல்லாம் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைகிற நெல். வருகிறவர்களோ மெஷின் காய வைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்ன செய்வது? விதை நெல் மூட்டை இரண்டை வாங்கிப் பிரித்துத் தரையில் பரப்பி, பூவாளியில் தண்ணீர் தெளித்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். டை கட்டிக்கொண்டு. வியர்வை வேறு சொட்டுகிறது.

விழா பிரமாதமாக நடந்தது. வாடகை ஜெனரேட்டரில் மெஷின் ஓடியது, கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள். ஜெனரேட்டரில் ஓட்டினால் சோதனைக் கணக்கில் சேராது, முறையான கரண்ட் இணைப்பு வாங்கி ஓட்ட வேண்டும் என்று போகும்போது சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு, காலையிலிருந்து நான் தண்ணீர் தெளித்ததை நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த கோவிந்தராசு அண்ணன் எழுந்து வந்தார். நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். கிண்டலா நிஜமான சந்தேகமா என்று அவர் முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டார்: "காஞ்ச நெல்லை நனைச்சு, நனைச்ச நெல்லைக் காய வெக்க எத்தனை வருசம் படிக்கணும் தம்பி?"

பழைய தொழில் ஏதாவது

கரண்ட் இணைப்புக்காக மின்வாரிய ஆபீசுக்கு அலைந்த கதையை முழுக்கச் சொன்னால் நீங்கள் அழுதுவிடுவீர்கள். இது விவசாயமா, தொழிற்சாலையா, கடையா என்று முதலில் முடிவாக வேண்டும். நெல் சம்பந்தப்பட்டது, அதனால் விவசாயம் என்றேன். விவசாயம் என்றால் நிலம் எங்கே, கிணறு எங்கே என்றார்கள். சரி, தொழிற்சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். தொழிற்சாலை என்றால் என்ன பொருள் உற்பத்தி ஆகிறது? ஒன்றும் ஆகவில்லை, உள்ளே போனதும் நெல், வெளியே வருவதும் நெல். அப்படியானால் தொழிற்சாலை எப்படி ஆகும்? நியாயம்தானே! எனக்கே குழப்பம் வந்துவிட்டது. உமியை எரிக்கிறோம் என்று வாய் தவறிச் சொன்னதில், புகைக்கு இன்னொரு இடத்தில் அனுமதி வாங்கிவரச் சொன்னார்கள்.

எங்கள் எலக்ட்ரீஷியன் ரஹீமும் நானும் அந்த ஆபீசின் படிக்கட்டைத் தேய்த்தோம். ஆனியில் ஆரம்பித்தது ஆவணி வரை இழுத்தது. அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் மட்டும் உண்மையிலேயே நல்ல மனுஷன். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கே சங்கடமாக இருந்திருக்கும். ஒரு நாள் எங்களை உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "புதுத் தொழில்னு சொன்னா அதுக்குப் புது விதி வரணும் சார். அது வர்ற வரைக்கும் பழைய தொழிலா ஏதாவது சொல்லுங்களேன், மாவு மில்லுன்னு போட்டுக்கலாம். நீங்க மாவு மட்டும் அரைக்காம இருங்க, போதும்."

அவசியம் பேசுங்க

இதற்கு நடுவில் தஞ்சாவூரில் ஒரு கருத்தரங்கு. வளரும் தொழில்களில் பொறியாளரின் பங்கு என்று தலைப்பு. குளுகுளு ஹால், ஆளுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு பேனா. எனக்குப் பேச ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். பொறியாளர்கள் வேலை தேடக் கூடாது, வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்கு முன்னால் பேசியவர் மேஜையைத் தட்டினார். பேசியவர் யார் என்று விசாரித்தால், பொறியியல் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்.

என் ஐந்து நிமிஷத்தில் நான் தத்துவமெல்லாம் பேசவில்லை. அறுப்புக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது, மெஷின் கரண்ட் இல்லாமல் நிற்கிறது, யாராவது ஒருத்தர் ஒரு போன் போட்டால் முடிந்துவிடும் என்று நேரடியாகச் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவர் என்னைத் தேடிக்கொண்டே வந்தார். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கிச் சொன்னார்: "ரொம்ப உணர்ச்சிகரமா இருந்துது தம்பி, அடுத்த வருசமும் அவசியம் வந்து இதையே பேசுங்க."

யாருக்குக் காய்ச்சல்?

நான் அலைவதைப் பார்த்துப் பார்த்து மச்சானுக்குப் பொறுக்கவில்லை. ஊரில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, செல்போனிலேயே அரசாங்கத்துக்கு ஒரு மனு தட்டிவிட்டார். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையை மாற்றியிருப்பேன். எங்கள் பக்கம் நெல் காய்ந்திருக்கிற பக்குவத்துக்குக் காய்ச்சல் என்று பெயர். "நல்ல காய்ச்சல்" என்றால் நன்றாகக் காய்ந்த நெல். "காய்ச்சல் பத்தலை" என்றால் இன்னும் வெயில் காட்ட வேண்டும் என்று அர்த்தம். மச்சான் மனுவில் எழுதியிருந்தது இதுதான்: எங்கள் ஊரில் மழைக்காலத்தில் எல்லாருக்கும் காய்ச்சல் பிரச்சினையாக உள்ளது. காய்ச்சல் மெஷின் வந்தும் ஓடவில்லை. உடனே நடவடிக்கை எடுக்கவும்.

நடவடிக்கை எடுத்தார்கள். அரசாங்கம் வேகமாக வேலை செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மூன்றாம் நாள் காலையில் வேன் வந்து நின்றது. டாக்டர், நர்சுகள், ரத்தம் எடுக்கிற பையன்கள், கொசு மருந்துப் புகை அடிக்கிற ஆள் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். வீட்டுக்கு வீடு தேங்கிய தண்ணீரைக் கொட்டினார்கள். நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கிற மெஷினை நர்சம்மா கையில் வைத்திருந்ததைப் பார்த்து, "இதான் அந்த மெஷினா, இப்பவாவது ஓடுதா?" என்று ஒருத்தர் கேட்டார். விஷயம் புரிந்த டாக்டர் பாவம், தலையில் கையை வைத்துக்கொண்டார். வந்ததற்கு வேலை நடக்க வேண்டுமே என்று களை பறித்துவிட்டு வந்துகொண்டிருந்த அமலி அக்காவை நிறுத்தி விரலை நீட்டச் சொன்னார்கள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னாள்: "நெல்லுக்குக் காய்ச்சல் இல்லைன்னு சொன்னா, எனக்கு இருக்கான்னு பார்க்க வந்திருக்கீங்களே, நல்லா இருக்குய்யா ஒங்க ஞாயம்!"

தண்ணி எங்கே போச்சு

மாவு மில் என்ற பெயரிலேயே கடைசியில் இணைப்பு கிடைத்தது. அறுப்பும் ஆரம்பித்துவிட்டது. முதல் ஆளாக நெல்லைக் கொண்டுவந்தவர் பக்கிரிசாமி. ஊரில் யாரையும் லேசில் நம்பாதவர். அவர் நம்பினால் ஊரே நம்பும் என்று எனக்குச் சந்தோஷம். மெஷின் அருமையாக ஓடியது, பதினேழுக்கும் கீழே வந்து நின்றது நெல். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பக்கிரிசாமி அதையெல்லாம் பார்க்கவில்லை. எடை போட்டுப் பார்த்தார். போட்டதைவிட வந்தது குறைவு.

"மீதி எங்க?" என்றார். அது தண்ணீர், ஆவியாகப் போய்விட்டது என்றேன். "எந்த வழியா போச்சு, காட்டு" என்றார். நானும் சளைக்கவில்லை. காற்று வெளியே வருகிற வாய்க்கு நேராக ஒரு எவர்சில்வர் தட்டைப் பிடித்தேன். தட்டு முழுக்க முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டது. அவர் விரலால் வழித்துப் பார்த்தார், நாக்கில் வைத்தும் பார்த்தார். விஞ்ஞானம் ஜெயித்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது, தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவர் கிளம்பினார். போகிற போக்கில் சொன்னது: "வெயில் எடுத்தா சரி போவுதுன்னு உட்ருவேன், நீ எடுத்தா கேக்கத்தானே செய்வேன்?"

யாரும் காய வெக்காதீங்க

அடுத்து மழை பிடித்தது. விட்டு விட்டு இல்லை, அடித்து ஊற்றியது. நிலையத்து வாசல் முழுக்கக் குவியல் குவியலாக நெல், அதன் மேல் நீலமும் பச்சையுமாகத் தார்ப்பாய். அக்காவின் குவியலும் அதில் ஒன்று. குத்தகை நிலத்தில் விளைந்த மொத்தமும் அதுதான். இனிமேல் எடைப் பேச்செல்லாம் நிற்காது, என் மெஷினுக்கு முன்னால் வரிசை கட்டுவார்கள் என்று உமியை ஏற்றி, அடுப்பை மூட்டித் தயாராக இருந்தேன். ஒருத்தர் வரவில்லை. ஈ ஓட்டக்கூட ஈ இல்லை, மழை.

காரணம் அப்புறம் தெரிந்தது. ஈர வரம்பைப் பதினேழிலிருந்து இருபத்திரண்டாக உயர்த்தித் தரச் சொல்லி விவசாயிகள் கேட்டிருக்கிறார்கள். அதற்காக மேலிருந்து ஒரு குழு வந்து நெல்லை மாதிரி எடுத்து அளக்கப் போகிறது. ஈரம் அதிகம் என்று கண்ணால் பார்த்தால்தான் வரம்பு உயரும். ஆகவே குழு வருகிற வரைக்கும் யாரும் நெல்லைக் காய வைக்கக் கூடாது. யார் சொன்னது என்று கேட்டால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டினார்கள். ஆனால் ஊர் முழுக்க அதுதான் பேச்சு. யோசித்துப் பாருங்கள், நெல் காய வைக்கும் மெஷினைச் சுற்றிலும் ஈர நெல், காய வைத்தால் ஊருக்குத் துரோகம்!

அக்காவிடம் போய் நின்றேன். மழை விடுகிற வழியாகத் தெரியவில்லை, குழு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, நெல் சூடேறினால் முளைத்துவிடும், உன் குவியலை மட்டுமாவது போடு என்று சண்டையே போட்டேன். தார்ப்பாய்க்குள் கையை விட்டுப் பார்த்தாள். நெல் வெதுவெதுவென்று இருந்தது அவளுக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். என் மெஷினைப் பார்த்தாள், குவியலிலிருந்து அதற்குப் பத்து அடி கூட இருக்காது. பிறகு மற்றக் குவியல்களைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வர்றவங்க கையில எடுத்துப் பார்க்கிறது என் நெல்லா இருந்து, அது காஞ்சும் இருந்துட்டா, இந்த ஊர்ல நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போவேன்?"

ஏன் ஓடவில்லை

குழு வந்தது. நாளைக்கு, நாளை மறுநாள் என்று தள்ளிப் போய், ஒரு வழியாக வந்தது. வந்த அன்றைக்குப் பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. மரியாதையான மனுஷர்கள், குறை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு குவியலாகக் குனிந்து, பையில் நெல் எடுத்து, கட்டி ஒட்டினார்கள். ஓரத்தில் ஒரு குவியல் முளைத்திருக்கிறதே என்று நிலையத்துப் பில் கிளார்க் காட்டினார். அது வேறு விஷயம், நாங்கள் ஈரம் பார்க்க வந்தவர்கள் என்று பதில் வந்தது.

ஒருவர் என் மெஷினைச் சுற்றி வந்து பார்த்தார். இன்ஜினியர் போலிருக்கிறது, சரியான கேள்விகளாகக் கேட்டார். எவ்வளவு நேரத்தில் காயும், உமி எவ்வளவு ஆகும், நெல் உடையுமா. ரொம்ப நாளைக்குப் பிறகு என் மொழி தெரிந்த ஒருத்தரைப் பார்த்த மாதிரி நான் மூச்சு விடாமல் பேசினேன். எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினார். கடைசியில் மெஷினுக்குள் எட்டிப் பார்த்து, உள்ளே ஒரு நெல்மணிகூட இல்லாததைப் பார்த்தார். நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் யாரும் நெல் போடவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அக்காவும் நிற்கிறாள். நான் மெஷின் மூடியைத் துணியால் துடைத்தேன். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த ஊருக்கு இது தேவைப்படலை போலிருக்கே."

ஆணை வந்த அன்று

ஆணை வருகிற வரைக்கும் பொறுங்கள், குவியலைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழு போனது, மறுநாளே மழை திரும்பியது. மெஷினைப் பற்றிச் சொன்னதையே எழுத்திலும் போட்டுவிட்டார்கள். பயன்பாடு இல்லை. கம்பெனி மூடுவது முடிவாகிவிட்டது. மெஷினை ஏற்றிப் போக லாரி வந்தது. நானும் ரஹீமும் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, ஈர வரம்பை உயர்த்தி ஆணை வந்துவிட்டது என்று செய்தி வந்தது. வாசலில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். நானும் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு அக்காவிடம் ஓடினேன், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் ஓடினேன். என் பிழைப்பு போனால் போகிறது, அவள் நெல்லாவது விலை போகட்டுமே.

அக்காவும் மச்சானும் தார்ப்பாயை உருட்டி எடுத்திருந்தார்கள். குவியல் முழுக்கப் பச்சை. நாற்றங்கால் மாதிரி தளதளவென்று நின்றது. வேரோடு வேர் பின்னிக்கொண்டு, கையால் எடுத்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஈரத்துக்குத்தான் ஆணை, முளைத்த நெல்லுக்கு இல்லை என்று பில் கிளார்க் எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மச்சான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்கா ஒரு பாளத்தைப் பெயர்த்து எடுத்தாள். கோபமாகக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தையின் தலையைக் கோதுவது போல அந்தப் பச்சையை விரலால் கோதிக்கொண்டே சொன்னாள்: "பொறுங்கன்னு எங்ககிட்டச் சொன்னாங்க, பொறுத்தோம், நெல்லுகிட்ட யாரும் சொல்லலையே தம்பி."

வளரும் தொழில்களில் பொறியாளரின் பங்கு என்ன என்று இனி யாராவது மேடை போட்டுக் கேட்டால், எங்கள் ஊரில் அந்த வருஷம் வளர்ந்தது நெல்முளை ஒன்றுதான், அதில் என் பங்கு பக்கத்தில் நின்று பார்த்தது என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன்.